வீட்டைத் தூக்கும் ஜாக்கி: பழுதும் பாதுகாப்பும்

சென்னை தியாகராய நகரின் சிறு தெரு ஒன்றில் என் பெரியப்பாவின் வீடு இருக்கிறது. 1960-களில் கட்டிய மாடி வீடு. கட்டிய நாளில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போனார்களாம். எனக்கு விவரம் தெரிந்தபோது தெருவும் திண்ணையும் ஒரே மட்டம். பத்து ஆண்டுகளுக்கு முன்போ இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். வீடு கீழே போகவில்லை. தெருதான் மேலே வந்துவிட்டது. பழைய சாலையைச் சுரண்டாமலே அதன்மேல் புதிய தார் அடுக்கைப் போட்டுக்கொண்டே போனால் வேறு என்ன ஆகும்? பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. ஆனால் அதற்குள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பல வீடுகள் பள்ளத்தில் அமர்ந்துவிட்டன. 2015 டிசம்பரில் பெருமழை பெய்து அடையாறு கரைபுரண்டபோது அவற்றின் கூடத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது.

இடித்துக் கட்டப் பணம் இல்லாதவர்கள் வேறொரு வழியை நாடினார்கள். வீட்டின் சுவர்களுக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைப் பொருத்தி, வீட்டை அப்படியே மூன்றடி, நான்கடி தூக்கி, இடையில் புதுச்சுவர் எழுப்பிவிடுவது. இந்த வேலையில் தேர்ந்த குழுக்கள் பெரும்பாலும் அரியானா மாநிலத்திலிருந்து வருகின்றன. பெரியப்பாவும் அப்படி ஒரு குழுவை அமர்த்தினார்.

மூன்றாம் நாள் காலை. வீடு ஓரடிக்கு மேல் உயர்ந்திருந்தது. சமையலறை மூலையில் 'ணங்' என்று ஓர் ஓசை. மேஸ்திரி உடனே விசில் ஊதினார். எல்லாக் கைகளும் நின்றன. பெரியம்மா அப்போது பூஜை விளக்கை எடுப்பதற்காக உள்ளே போயிருந்தார். "பெரியம்மா, அப்படியே வாசலுக்கு வந்துவிடுங்கள்!" என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்தியது போல் கேட்டது. அவர் வெளியே வந்த பிறகு மேஸ்திரி விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு ஜாக்கியின் திருகு வளைந்திருந்தது.

இரும்புத் திருகு ஏன் வளைந்தது? அதற்கு முன் அது எப்படி இத்தனை பெரிய சுமையைத் தூக்கியது? கல்லூரியில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதும் சாய்தளம், உராய்வு, திருப்புத்திறன் ஆகிய மூன்றிலும் இதற்கு விடை இருக்கிறது. அதை இங்கே காண்போம்.

தேர்க்கட்டையும் திருகும்

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின்போது கபாலீசுவரர் தேர் நான்கு மாட வீதிகளையும் சுற்றி வரும். வடம் பிடிப்பவர்களை எல்லாரும் பார்ப்பார்கள். சக்கரத்தருகே முட்டுக்கட்டையுடன் ஓடுபவர்களைச் சிலரே கவனிப்பார்கள். ஆப்பு வடிவில் செதுக்கிய அந்தச் சிறு மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் சரியான நொடியில் செருகினால், மலைபோன்ற தேர் நிற்கிறது. அல்லது திசை திரும்புகிறது. ஆப்பு என்பது நகரக்கூடிய ஒரு சாய்தளமே. சரிவு சிறிதாக இருந்தால், சிறு விசை பெரிய பளுவை மேலே எழுப்பும். அதற்கு விலையாக நெடுந்தூரம் தள்ள வேண்டும்.

இந்தச் சாய்தளத்தை ஓர் உருளையைச் சுற்றிச் சுருட்டினால் கிடைப்பது திருகு. செங்கோண முக்கோணமாகக் கத்தரித்த ஒரு காகிதத்தைப் பென்சிலின்மேல் சுற்றிப் பாருங்கள். சாய்ந்த விளிம்பு, பென்சிலைச் சுற்றிப் புரிபுரியாக ஏறுவதைக் காணலாம். அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடையே உள்ள தொலைவே புரியிடைத் தூரம். திருகு அளவியைக் கையாண்ட மாணவர்களுக்கு இது பழகிய சொல். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு ஒரு புரியிடைத் தூரம் உயரும்.

வீடு தூக்கும் ஜாக்கியின் அமைப்பு எளியது. அடியில் அகன்ற தகடு. அதன்மேல் மணி போன்ற உடல். உடலின் வாயில் உட்புறம் மரை வெட்டிய நட்டு. அதற்குள் ஏறி இறங்கும் திருகு. திருகின் தலையில் கம்பி நுழைக்கத் துளை. எல்லாவற்றுக்கும் மேலே சுமையைத் தாங்கும் தொப்பி. திருகின் மரை கடையில் வாங்கும் போல்ட்டின் மரை போல் கூராக இராது; அகன்று, தட்டையாக இருக்கும். பளு தூக்கும் திருகுகளுக்கெல்லாம் அந்த வடிவமே பொருந்தும்.

வீட்டைத் தூக்குவது புதுமையான வேலையும் அன்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரம் ஏரிக்கரையில் சதுப்பு நிலத்தில் வளர்ந்தது. கழிவுநீர் வடிய வழியில்லாமல் நோய்கள் பரவின. எனவே 1850-களில் தெருக்களை உயர்த்தி அவற்றின் அடியில் சாக்கடைக் குழாய்களைப் பதித்தார்கள். பள்ளத்தில் சிக்கிய கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கினார்கள். 1858-இல் முதலாவதாக ஒரு நான்கு மாடிச் செங்கல் கட்டடம் 200 ஜாக்கிகளால் ஏறத்தாழ 1.9 மீட்டர் உயர்ந்தது. 1860-இல் லேக் தெருவில் 320 அடி நீளமுள்ள கட்டட வரிசை முழுவதையும் 6,000 ஜாக்கிகளைக் கொண்டு 600 பேர் ஐந்தே நாட்களில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். அந்த வரிசையின் எடை 35,000 டன் என்று மதிப்பிட்டார்கள்.

எவ்வளவு விசை வேண்டும்?

பெரியப்பா வீட்டுக்கு வருவோம். 23 செ.மீ. தடிமனும் 3 மீட்டர் உயரமும் கொண்ட செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1.3 டன் எடை இருக்கும். மேல்மாடிச் சுவரும் அவ்வளவே. இரண்டு தளங்களின் கான்கிரீட்டில் அச்சுவருக்கு வரும் பங்கு சுமார் 1.8 டன். ஆக மொத்தம் மீட்டருக்கு 4.4 டன். அரை மீட்டருக்கு ஒரு ஜாக்கி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 2 டன்னுக்குச் சற்று அதிகமாக வரும். கணக்கு எளிதாக இருக்க 2 டன், அதாவது 2,000 கிலோ எடை, என்றே கொள்வோம்.

திருகின் சராசரி விட்டம் 40 மி.மீ.; புரியிடைத் தூரம் 8 மி.மீ.; கைக்கம்பியின் நீளம் 60 செ.மீ. என்க. ஒரு சுற்றுக்குக் கை நகரும் தூரம் 2 × 3.14 × 600, அதாவது 3,770 மி.மீ. பளு உயர்வதோ 8 மி.மீ. ஆகவே திசைவேக விகிதம் சுமார் 470. உராய்வே இல்லாவிட்டால் 2,000 கிலோவைத் தூக்க 4.2 கிலோ எடை விசையே போதும். ஒரு குடம் நீரைத் தூக்கும் விசைகூட வேண்டியதில்லை.

ஆனால் உராய்வு உண்டு. திருகின் சரிவை முதலில் பார்ப்போம். ஒரு சுற்றின் நீளம் 126 மி.மீ.; ஏற்றம் 8 மி.மீ.; எனவே சரிவு 8/126, அதாவது 0.064. நன்றாகக் கிரீஸ் பூசிய எஃகு மரையின் உராய்வுக் குணகம் சுமார் 0.15. சரிவு சிறிதாக இருப்பதால் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம்: 0.214. இதைப் பளுவாலும் திருகின் ஆரமான 20 மி.மீ.யாலும் பெருக்கி, கைக்கம்பியின் நீளமான 600 மி.மீ.யால் வகுத்தால், கைக்கு வேண்டிய விசை சுமார் 14 கிலோ. தொப்பியின் அடியில் உள்ள உராய்வைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். ஒரு தொழிலாளி எளிதில் தரக்கூடிய விசைதான்.

14 கிலோ விசையில் பளுவை உயர்த்தப் பயன்பட்டது 4.2 கிலோ மட்டுமே. பயனுறு திறன் 30 விழுக்காடு. மீதி 70 விழுக்காடு வெப்பமாகிறது. 

வீணாகும் உராய்வே காவலன்

இவ்வளவு ஆற்றலை வீணாக்கும் கருவியை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. கையை எடுத்துவிட்டால் வீடு ஏன் கீழே இறங்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். இறங்க வேண்டுமானால் பளு திருகைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். சரிவு அதற்கு உதவுகிறது, உராய்வு தடுக்கிறது. உராய்வுக் குணகம் 0.15, சரிவு 0.064. உராய்வே வெல்கிறது. எஞ்சி நிற்பது 0.086. ஆகவே வீட்டை இறக்கவும் நாம் சுமார் 6 கிலோ விசை கொடுத்துத் திருப்ப வேண்டும். இதைத் தானே பூட்டிக்கொள்ளும் தன்மை என்பர். இத்தன்மையுள்ள திருகின் பயனுறு திறன் 50 விழுக்காட்டுக்குக் கீழேதான் இருக்கும். நாம் வீண் என்று எண்ணும் உராய்வு, நம் தலைமேல் வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறது.

சரிவு சிறியது, புரியும் தேயவில்லை என்றால் கிரீஸ் பூசுவதால் இந்தப் பூட்டு அறுந்துவிடாது. கிரீஸ் பூசாவிட்டால்தான் தொல்லை. துருவேறிய மரையின் உராய்வுக் குணகம் 0.3 வரை போகலாம். அப்போது 14 கிலோ விசை 25 கிலோவாகிறது. தொழிலாளி என்ன செய்வார்? கம்பியின் முனையில் ஒரு நீண்ட குழாயைச் செருகி இழுப்பார். கை வலி குறையும்; ஆனால் திருகின்மேல் விழும் முறுக்கு குறைவதில்லை. அத்துடன் குழாயின் பக்கவாட்டு இழுப்பு ஜாக்கியையே சாய்க்கும். ஜாக்கியின் பழுதுகளில் பல இந்தக் குழாயிலிருந்துதான் தொடங்குகின்றன.

சாய்வு என்னும் எதிரி

இனி, வளைந்த திருகின் கதை. நேராக நிற்கும் திருகின்மேல் பளு அதன் அச்சு வழியே இறங்குகிறது. மரையை நீக்கினால் உள்ளே எஞ்சும் தண்டின் விட்டம் 36 மி.மீ.; குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 10 சதுர செ.மீ. 2 டன் பளுவுக்குத் தகைவு சதுர செ.மீ.க்கு 200 கிலோ. சாதாரண மென் எஃகு நிலையாக வளையத் தொடங்குவது சுமார் 2,500 கிலோ தகைவில். பன்னிரண்டு மடங்கு பாதுகாப்பு இருக்கிறது.

இப்போது ஜாக்கி 5 பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். திருகு 25 செ.மீ. வெளியே வந்திருந்தால், தலை 2 செ.மீ.க்குச் சற்று மேல் விலகியிருக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் பளு இப்போது அச்சின் வழியே இறங்காமல், நட்டின் வாயருகே திருகை வளைக்கிறது. அந்த வளைவால் வரும் தகைவு சுமார் 950 கிலோ. அழுத்தத் தகைவு 200-ஐயும் சேர்த்தால் 1,150. ஆறு மடங்கு கூடிவிட்டது. என்றாலும் எஃகு தாங்கும்.

இன்னொன்றையும் பார்ப்போம். ஜாக்கி நேராகவே நிற்கிறது. ஆனால் பக்கத்து ஜாக்கிகள் தம் பங்கைக் கைவிட்டதால் இதன்மேல் 5 டன் விழுகிறது. தகைவு 490 கிலோ மட்டுமே. இதையும் எஃகு தாங்கும்.

இரண்டும் ஒன்றாக நேர்ந்தால்? 5 டன் பளுவும் 5 பாகைச் சாய்வும் சேர்ந்தால் தகைவு 2,870 கிலோ. 2,500-ஐத் தாண்டிவிட்டது. திருகு வளைகிறது. வளைந்ததும் தலை இன்னும் விலகுகிறது. விலகியதும் வளைக்கும் திருப்புத்திறன் இன்னும் கூடுகிறது. பிறகு அது நிற்பதில்லை. தனித்தனியே பொறுக்கக்கூடிய இரண்டு பிழைகள் ஒன்றுசேர்ந்தால் பொறுக்க முடியாததாகிவிடுகிறது. பெரியப்பா வீட்டில் நடந்தது இதுவே.

முன்னாள் இரவு மழை பெய்திருந்தது. சமையலறைத் தொட்டியின் வடிகுழாயும் கசிந்துகொண்டிருந்தது. மூலையில் மண் குழைந்துவிட்டது. ஒரு ஜாக்கி சேற்றில் அமிழ்ந்து தன் சுமையை விட்டது. அச்சுமை அடுத்ததன்மேல் போயிற்று. அடுத்ததன் அடித்தகடும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அந்தத் திருகுதான் வளைந்தது.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு ஜாக்கியையும் நிறுத்தும்போது தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போதும் காலை மாலை பார்க்க வேண்டும். இரண்டாவது, திருகை அதன் முழு நீளத்துக்கும் வெளியே ஏற்றக் கூடாது. வெளியே நீட்டிய நீளம் இரண்டு மடங்கானால் வளைக்கும் திருப்புத்திறனும் இரண்டு மடங்காகும். ஒரு கை உயரம் ஏறியதும், பக்கத்தில் செங்கல்லோ கட்டையோ அடுக்கிச் சுமையை அதன்மேல் மாற்றிவிட்டு, ஜாக்கியை இறக்கி, அடியில் மேடை வைத்து மீண்டும் தொடங்குவதே முறை.

மண்ணைக் கேட்டுத்தான் ஜாக்கி நிற்கும்

ஜாக்கியின் அடித்தகடு 15 செ.மீ. சதுரம் என்க. பரப்பு 225 சதுர செ.மீ. 2 டன் பளுவுக்கு ஒவ்வொரு சதுர செ.மீ.யும் 9 கிலோ அழுத்தத்தை மண்ணின்மேல் செலுத்துகிறது. ஈரமான மென்களிமண் சதுர செ.மீ.க்கு 1 கிலோவைத் தாங்கினாலே பெரிது. ஒன்பது மடங்கு மிகுதி. ஆகவே 2 டன்னுக்குக் குறைந்தது 2,000 சதுர செ.மீ., அதாவது 45 செ.மீ. சதுரப் பரப்பு வேண்டும். ஜாக்கிகளோ 50 செ.மீ.க்கு ஒன்றாக நிற்கின்றன. தனித்தனிப் பலகைகள் வைத்தால் ஒன்றையொன்று கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும். அதனால்தான் கரையான் அரித்த பலகைத் துண்டுகளை நம்பாமல், சுவர் நெடுகிலும் தொடர்ச்சியாக ஒரு கான்கிரீட் பட்டை போட்டு, அது இறுகிய பிறகு அதன்மேல் ஜாக்கியை நிறுத்த வேண்டும்.

சென்னைக்குள்ளேயே மண் இடத்துக்கு இடம் மாறுகிறது. தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் மாம்பலத்துப் பழைய ஏரியைத் தூர்த்து உருவாக்கியது. ஏரி போயிற்று, ஏரிக் களிமண் போகவில்லை. களிமண் நீர் பட்டால் உப்பிக் குழையும்; காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கடலை ஒட்டிய மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் மணல் அதிகம். மணல் நான்கு புறமும் அடைபட்டிருந்தால் நல்ல பலம். ஆனால் பக்கத்தில் குழி வெட்டினாலோ, குழிக்குள் நீர் ஊறினாலோ சரிந்து ஓடிவிடும். எனவே களிமண்ணில் நீரை விலக்குவதும், மணலில் பக்கச் சரிவைத் தடுப்பதும் முதல் வேலை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது. எந்த மாதமானாலும் தொட்டி, குழாய், சாக்கடை ஆகியவற்றின் கசிவை முன்னதாக நிறுத்திவிட வேண்டும்.

ஒன்றுபோல் ஏறாவிட்டால்

நூற்றுக்கணக்கான ஜாக்கிகள் சுமையைத் தாமாகச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. நான்கு கால் நாற்காலி சற்றே மேடுபள்ளமான தரையில் ஆடுவதை நினைவுகூருங்கள். ஒரு கால் சற்று நீளமானால் சுமை அதற்குப் போய்விடும். ஒரு கால் குட்டையானால் அது அந்தரத்தில் நிற்கும். வீடும் அப்படியே. ஒரு ஜாக்கி முந்தினால் பக்கத்தவற்றின் சுமையும் அதற்கு வரும். பிந்தினால் அதன் சுமை பக்கத்தவற்றுக்குப் போகும்.

எவ்வளவு முந்தலாம்? ஒரு சுவரின் ஒரு பகுதி மற்றொன்றைவிட, இடைத்தூரத்தில் 300-இல் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ பூச்சிலும் சுவரிலும் வெடிப்புகள் தோன்றும் என்பது கட்டடப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவு. 50 செ.மீ. இடைவெளிக்கு இது 1.7 மி.மீ. நம் திருகில் கால் சுற்றுக்கு ஏற்றம் 2 மி.மீ. ஆகவே ஒரு தொழிலாளி ஒரே ஒரு கால் சுற்றைத் தவறவிட்டாலே எல்லை தாண்டிவிடுகிறது. சுவருக்கும் ஜாக்கிக்கும் இடையே இரும்புச் சட்டங்களைப் படுக்கவைப்பது இத்தகைய சிறு பிழைகளைப் பரப்பிக் குறைப்பதற்கே. மேஸ்திரி விசில் ஊத, எல்லாரும் ஒரே நேரத்தில் கால் சுற்றுச் சுற்றி நிற்பது ஏன் என்பதும் இப்போது விளங்கும். 90 செ.மீ. உயர்த்த 450 கால் சுற்றுகள் வேண்டும். அவசரப்பட்டு அரைச் சுற்றாகச் சுற்றினால் நாள் மிச்சமாகும், சுவர் மிச்சமாகாது.

மட்டம் பார்க்கக் கொத்தனார்களின் டியூப் லெவலே போதும். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதைத் தட்டி வெளியேற்றிவிட வேண்டும்.

துருவும் தூசியும்

கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை ஈர்க்கும். எனவே அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் வெளியே போட்ட இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரையின் இடுக்கில் அது பெருகினால் திருகும் நட்டும் கவ்விக்கொள்கின்றன.

கிரீஸ் துருவைத் தடுக்கும். ஆனால் திறந்த கிரீஸில் சிமென்ட் தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாளாகிவிடும். ஒவ்வொரு சுற்றும் மரையைத் தேய்க்கும். எனவே பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்புவது தவறு. மண்ணெண்ணெயில் கழுவி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகே புதுக் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். வெளியே நீட்டிய மரையின்மேல் பழைய சைக்கிள் டியூபையோ கோணித் துணியையோ சுற்றிக்கட்டினால் தூசி அண்டாது. வேலை முடிந்ததும் திருகை முழுவதும் உள்ளே இறக்கி, ஈரமில்லாத இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும்.

எண்ணெய் ஜாக்கி

மோட்டார்ப் பட்டறைகளில் காணும் எண்ணெய் ஜாக்கி, பாஸ்கல் விதிப்படி இயங்குவது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவுகிறது. சிறு உந்தியின் விட்டம் 1 செ.மீ., பெரிய உந்தியின் விட்டம் 5 செ.மீ. என்றால் விசை 25 மடங்காகும். இங்கிலாந்தில் ஜோசஃப் பிராமா 1795-இல் இவ்விதியைக் கொண்டு நீரியல் அழுத்தியைச் செய்து காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ரிச்சர்ட் டட்ஜன் 1851-இல் எடுத்துச் செல்லக்கூடிய நீரியல் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார்.

இதில் கைவேலை குறைவு. ஆனால் திருகில் உள்ள காவலன் இங்கே இல்லை. உந்தியைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷரும் சிறு வால்வும்தான் சுமையைப் பிடித்து நிறுத்துகின்றன. வாஷர் ஓரிடத்தில் கிழிந்தால், ஒரு மணல் துகள் வால்வில் சிக்கினால், சுமை மெல்ல இறங்கும். எனவே எண்ணெய் ஜாக்கியால் தூக்கியதை இரவு முழுவதும் அதன்மேலேயே நிறுத்தி வைக்கக் கூடாது.

இதன் பழுதுகளும் வேறு. கைப்பிடி ரப்பர்போல் மெத்தென்று இருந்தால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது. சுமையில்லாமல் வால்வைத் திறந்து பலமுறை அடித்துக் காற்றை வெளியேற்றலாம். எண்ணெய் குறைந்திருந்தால் ஜாக்கிக்கு உரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த பிரேக் எண்ணெயை ஊற்றினால், அது கனிம எண்ணெய்க்கென்று செய்த வாஷர்களை உப்பச் செய்து கெடுத்துவிடும்.

எதைப் பழுது பார்க்கலாம், எதைக் கைவிட வேண்டும்?

மரையின் விளிம்பில் சிறு பிசிறுகள் இருந்தால் முக்கோண அரத்தால் மெல்ல ராவி எடுக்கலாம். இறுகிப்போன மரையில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு வைத்து, மறுநாள் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துத் திறக்கலாம். சுத்தியலால் அடிப்பது கூடாது. வளைந்த கைக்கம்பியையும் நசுங்கிய தொப்பியையும் மாற்றிவிடலாம்.

நட்டைப் பெரும்பாலும் வெண்கலத்திலோ வார்ப்பிரும்பிலோ செய்வார்கள். திருகைக் காப்பாற்ற நட்டு தேய வேண்டும் என்பதே ஏற்பாடு. திருகைவிட நட்டை மாற்றுவது மலிவு. தேய்வை அறிய, திருகைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். அந்த ஆட்டம் ஒரு மரையின் தடிமனில் கால் பங்கை எட்டினால் நட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. நம் திருகில் ஒரு மரையின் தடிமன் சுமார் 4 மி.மீ.; எனவே ஆட்டம் 1 மி.மீ. ஆனால் போதும்.

ஆனால் வளைந்த திருகைச் சூடாக்கியோ அடித்தோ நிமிர்த்தி மீண்டும் சுமையின்கீழ் வைக்கக் கூடாது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த எஃகில் உள்தகைவுகள் தங்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் இருக்கலாம். சூடாக்குவது எஃகின் பதத்தையும் கெடுக்கும். அதுபோல, வெடித்த வார்ப்பிரும்பு உடலை வெல்டிங் செய்து நம்புவதும் ஆபத்து. வார்ப்பிரும்பு எச்சரிக்கை தந்து வளைவதில்லை, திடீரென்று உடைகிறது. இவ்விரண்டும் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியவை.

காரிலும் வண்டி வீட்டிலும்

இவையெல்லாம் வீடு தூக்குவோருக்கு மட்டும் உரியவை அல்ல. காரின் பின்னால் கிடக்கும் மடக்கு ஜாக்கியிலும் ஒரு திருகு படுத்திருக்கிறது. ஜாக்கி தாழ்ந்து, அதன் கைகள் தரையோடு 15 பாகை மட்டுமே எழுந்திருக்கும்போது, திருகின் இழுவிசை பளுவைப்போல் 3.7 மடங்கு. கைகள் 45 பாகைக்கு எழுந்ததும் அது பளுவுக்குச் சமமாகிவிடுகிறது. டயர் மாற்றும்போது முதல் சில சுற்றுகள் கடினமாக இருப்பதன் காரணம் இதுவே. எனவே காரின் அடிப்பகுதி உயரமாக இருந்தால் ஜாக்கியின் அடியில் உறுதியான அகலப் பலகையை வைத்து, ஜாக்கி ஓரளவு எழுந்த நிலையில் சுமையை ஏற்கும்படி செய்வது திருகுக்கு நல்லது.

மேலைநாடுகளில் விடுமுறைக்குக் காரின் பின்னால் சிறு வீட்டையே இழுத்துச் செல்கிறார்கள். அதன் நான்கு மூலைகளிலும் இத்தகைய ஜாக்கிகள் உண்டு. உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமல் நிறுத்துவதே அவற்றின் வேலை. சக்கரத்தின் அடியில் கட்டை வைத்தும், முன்புறக் கொக்கியருகே உள்ள ஜாக்கியைத் திருகியும் மட்டம் செய்த பிறகே மூலை ஜாக்கிகளை இறக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் மூலை ஜாக்கியாலேயே வண்டி முழுவதையும் தூக்கி மட்டம் செய்யப் பார்த்து அதை வளைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஜாக்கியை மடக்க மறந்து வண்டியை ஓட்டி அதைப் பிய்த்துவிடுகிறார்கள். நாடு வேறு, பிழை ஒன்றே.

மூலையில் ஒரு வெடிப்பு

பெரியப்பா வீட்டில் அன்று மேஸ்திரி செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். எல்லாரையும் வெளியேற்றினார். முதலில் ஜாக்கியைத் தொடவில்லை. சமையலறைச் சுவரின் அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஆப்பு அடித்து இறுக்கினார். பிறகே வளைந்த ஜாக்கியை உருவினார். குழாய்க் கசிவை அடைத்து, குழைந்த மண்ணை அள்ளி எறிந்து, கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை வேலையை நிறுத்தினார். பெரியப்பாவுக்கு நாள் கூலி கணக்கு உறுத்தியது. "இத்தனை நாள் எதற்கு?" என்று கேட்டார். "ஜாக்கி தூக்கும், சார். தாங்கறது கட்டைதான். தரை சரியில்லேன்னா ரெண்டும் இல்லே" என்றார் மேஸ்திரி, தான் கற்றுக்கொண்ட தமிழில். நான் கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதுவதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வீடு இன்று தெருவைவிட இரண்டடி உயரத்தில் நிற்கிறது. சமையலறை மூலையில் கூரையை நோக்கி ஒரு மெல்லிய வெடிப்பு ஓடுகிறது. பெரியப்பா அதற்குச் சுண்ணாம்பு பூச விடவில்லை. அதன் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமென்ட்டால் ஒட்டி வைத்திருக்கிறோம். வெடிப்பு வளர்ந்தால் கண்ணாடி உடையும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன். இதுவரை உடையவில்லை.